கால் எடுத்த அப்பாவுக்கு 60 சதவீதம்: எந்தப் பணம், எந்த ஆபீஸ், எங்கே மேல்முறையீடு?

வேலூர் மாவட்டம் கே.வி. குப்பம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. அப்பாவுக்கு வயது 54. சர்க்கரைப் புண் ஆறாமல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. யுடிஐடி அட்டையில், அதாவது மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில், 60 சதவீதம் என்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் "75 இருந்தால்தான்" என்கிறார்கள். தாலுகா ஆபீஸில் கொடுத்த மனுவுக்கு "தகுதியில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. சதவீதத்தைக் கூட்டச் சொல்லி மேல்முறையீடு போடலாமா?

போடலாம் தம்பி. ஆனால் அப்பாவுக்குக் கிடைத்த இரண்டு "இல்லை"யும் ஒன்றல்ல. முதலாவது ஒரு திட்டத்தின் விதி. 60 சதவீதத்தோடு அந்தக் கவுன்டரில் எத்தனை முறை நின்றாலும் அதே பதில்தான் வரும். இரண்டாவது ஒரு அதிகாரி போட்ட உத்தரவு, அதை மேலதிகாரியால் மாற்ற முடியும். இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கண் போன பிறகும் அட்டையில் 60 மட்டுமே இருக்கிறது என்றால், அந்தக் கண்ணைக் கணக்கில் எடுத்தார்களா என்பதே சந்தேகம். அது மருத்துவக் குழு சம்பந்தப்பட்ட விஷயம். மூன்றுக்கும் மூன்று முகவரி. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டி திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால், அது எந்த மேசைக்கும் சொந்தமில்லாமல் சுற்றிவிட்டு "பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது" என்று திரும்பி வரும்.

முதலில் பணம். தமிழ்நாட்டில் மாதாமாதம் வரும் தொகை இரண்டு வழியில் வருகிறது. ஒன்று பராமரிப்பு உதவித்தொகை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுப்பது, 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்த்தப்பட்டது. கை கால் பாதிப்பு போன்றவற்றுக்கு 75 சதவீதமும் அதற்கு மேலும் வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு 40 சதவீதம் போதும். தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்திருக்கின்றன. கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கும் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மறுவாழ்வு மையத்துக்கும் போய்வரும் குடும்பங்கள் நிறைய உள்ள மாவட்டம் இது. அவர்களில் பலர் "75 வேண்டும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பமே போடாமல் இருக்கிறார்கள். எந்த வகைக் குறைபாடு என்று பார்த்துவிட்டுத்தான் சதவீதத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று வருவாய்த்துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். முதியோர் பென்ஷன் கொடுக்கும் அதே தனித்தாசில்தார், அதாவது சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார், தாலுகா ஆபீஸில் இருந்து கொடுப்பது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 40 சதவீதம் போதும். வருமானமும் சொத்தும் பார்ப்பார்கள். 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார்கள். 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்து வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியக் கணக்கில் வைத்து, அதில் 300 ரூபாயை மத்திய அரசு தரும். எந்தக் கணக்கு என்பது ஆபீஸ் வேலை, நாம் தேர்ந்தெடுப்பது இல்லை. பக்கத்து ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் 2024 ஜூலையிலிருந்து இதே நிலையில் உள்ளவருக்கு 6,000 கொடுக்கிறார்கள். காட்பாடியைத் தாண்டினால் நான்கு மடங்கு என்பதைப் பார்த்து வயிறு எரிவது நியாயம்தான். அதற்காக அங்கே இருக்கும் சொந்தக்காரர் வீட்டு முகவரியில் பெயர் சேர்க்கப் போனால், இங்கே ரேஷன் அட்டையில் பெயர் போகும், அங்கேயும் விசாரணையில் நிற்காது.

ஒருவருக்கு இரண்டு தொகையும் சேர்ந்து கிடைக்காது. ஒன்றை வாங்கிக்கொண்டே இன்னொன்றுக்கு மறைத்து விண்ணப்பித்தால், ஆதார் எண்ணில் மாட்டி, வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லுவார்கள்.

ஆக, அப்பாவின் 60 சதவீதத்துக்கு இன்றைக்கே கதவு திறந்திருக்கும் இடம் தாலுகா ஆபீஸ். அங்கே ஏன் நிராகரித்தார்கள்? இதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் போட்ட விண்ணப்பம் வி.ஏ.ஓ.வுக்குப் போகும், அவர் அறிக்கை எழுதுவார், ஆர்.ஐ. என்ற வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார், தனித்தாசில்தார் முடிவெடுப்பார். "தகுதியில்லை" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் பெரும்பாலும் வி.ஏ.ஓ. அறிக்கையில் ஒரு வாக்கியம் இருக்கும். "மகன் தனியார் கம்பெனியில் வேலை செய்கிறார்", "சொந்த வீடு உள்ளது", "விசாரணையின்போது முகவரியில் இல்லை", "ஏற்கனவே உதவித்தொகை பெறுகிறார்". கடைசியாகச் சொன்னது பெரும்பாலும், நலத்துறையில் மனு கொடுத்ததையே தொகை வாங்குவதாக எழுதிவிடுவதால் வருவது. அட்டையைப் பார்த்து 75 இல்லை என்று தாலுகா ஆபீஸிலேயே ஒதுக்குவதும் உண்டு. அது வேறு திட்டத்தின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்பது.

அந்த வாக்கியத்தை எடுக்க ஆர்.டி.ஐ. மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, போதும். தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தால் அதற்கான ஆதாரத்தை வைத்தால் கட்டணம் கிடையாது. "ஏன் நிராகரித்தீர்கள்?" என்று கேள்வியாகக் கேட்காதீர்கள், விளக்கம் தர வேண்டியதில்லை என்று தட்டிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். விண்ணப்ப எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு, அதன் மீதான வி.ஏ.ஓ. அறிக்கை நகல், வருவாய் ஆய்வாளர் பரிந்துரை நகல், நிராகரிப்பு உத்தரவு நகல், அந்த உத்தரவுக்கு அடிப்படையான அரசாணையின் எண்ணும் நாளும், இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு.

காகிதம் கையில் வந்ததும் மேல்முறையீடு ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியருக்கு. கே.வி. குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு மூன்றும் குடியாத்தம் கோட்டத்தில் வருகின்றன, வேலூர், காட்பாடி, அணைக்கட்டு வேலூர் கோட்டத்தில். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்தினர் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தினர் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழைய பழக்கத்தில் வேலூரில் கொடுத்த மனுக்கள் மாவட்டம் மாறித் தொலைகின்றன. மனுவின் நகல் ஒன்றைக் கலெக்டர் ஆபீஸில் உள்ள தனித்துணை ஆட்சியருக்கு, சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்று குறிப்பிட்டு, கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மேல்முறையீட்டில் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். அறிக்கையில் உள்ள வாக்கியத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மகன் சம்பாதிக்கிறார் என்பது காரணமென்றால், மகன் தனி ரேஷன் அட்டையில் இருந்தால் அதன் நகல், அப்பாவின் பெயரில் தாசில்தார் தந்த வருமானச் சான்று. வீட்டில் இல்லை என்பது காரணமென்றால், அந்தத் தேதியில் மருத்துவமனையில் இருந்ததற்கான சீட்டு. வேறு உதவித்தொகை என்பது காரணமென்றால், எந்தத் தொகையும் வழங்கவில்லை என்று நலத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். ஒரு காரணம், அதற்கு ஒரு ஆதாரம். இப்படி எழுதிய மனுவைப் படிக்க அதிகாரிக்கு இரண்டு நிமிடம் போதும், அதனாலேயே படிப்பார்.

இனி சதவீதம். இங்கேதான் அப்பாவுக்குப் பெரிய வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் உண்டு. அளவிடும் முறையை மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டது, 2024 மார்ச்சில் திருத்தியது. மருத்துவர் தன் மனதுக்குத் தோன்றியதை எழுதுவதில்லை, அட்டவணையைப் பார்த்துத்தான் எழுதுகிறார். கால் எடுத்தவர்களுக்கு அந்த அட்டவணை வெட்டிய இடத்தை வைத்து நகரும். முழங்காலுக்கு மேலே என்றால் 80 அல்லது 85. முழங்கால் மூட்டிலேயே என்றால் 75. முழங்காலுக்குக் கீழே வெறும் 8 சென்டிமீட்டர் வரைதான் மிச்சம் என்றால் 70. காலின் கீழ்ப்பகுதி வரை மிச்சமிருந்தால் 60. கணுக்காலில் என்றால் 55. பாதத்தின் பாதி வரை 50. விரல்கள் மட்டும் என்றால் 20, அது எந்தத் திட்டத்துக்கும் எட்டாது.

ஆகவே டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். முழங்கால் மூட்டிலிருந்து கீழே எவ்வளவு மிச்சம்? 8 சென்டிமீட்டரை ஒட்டி இருந்து அட்டையில் 60 என்று போட்டிருந்தால், அது மேல்முறையீட்டுக்கான நேரடிக் காரணம். சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அறுவை செய்திருந்தால், எந்த மட்டத்தில் வெட்டினார்கள் என்பது டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்கும். அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.

அடுத்து, மிச்சமிருக்கும் கால் முனை. ஸ்டம்ப் என்பார்கள். அது செயற்கைக்கால் பொருத்த முடியாத நிலையில் இருந்தால் கூடுதலாக 5 சதவீதம் சேர்க்க விதியில் இடமுண்டு. முழங்கால் மூட்டு மடங்காமல் விறைத்திருந்தாலோ, முனையில் நரம்புக்கட்டி இருந்து தொட்டாலே வலி பிடுங்கினாலோ, புண் சீழ் வைத்துக்கொண்டே இருந்தாலோ, அதற்கும் தனியாகச் சேர்க்கலாம், மொத்தம் 10-ஐத் தாண்டாமல். சர்க்கரைக்காரர்களுக்கு இவை மிகவும் சாதாரணம். ஆனால் முகாமில் கூட்டம் அலைமோதும்போது, கட்டு போட்ட காலைக் கட்டோடு பார்த்து 60 எழுதி அனுப்புவது நடக்கும். கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். செயற்கைக்கால் ஏன் பொருந்தவில்லை என்று அளவெடுத்த இடத்தில் ஒரு வரி எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கண். மற்றக் கண் கண்ணாடியோடு நன்றாகத் தெரிந்தால், ஒரு கண் போனதற்கு 30 சதவீதம்தான். தனியாக அது 40-ஐத் தொடாது, அதனால் "இதற்கெல்லாம் சான்று கிடையாது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காலோடு சேரும்போதுதான் அதன் பலம் தெரியும். ஆனால் 60-ஐயும் 30-ஐயும் கூட்டி 90 என்று வராது. 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்து, வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். 60-உம் 30-உம் என்றால் 90-இல் 60 போக 30, 30 பெருக்கல் 30 வகுத்தல் 90, அதாவது 10. மொத்தம் 70. இன்னும் 5 குறைகிறது. காலுக்கே 70 என்றால் 20 பெருக்கல் 30 வகுத்தல் 90, ஏறக்குறைய 6.7. மொத்தம் 76-ஐத் தாண்டுகிறது, பராமரிப்பு உதவித்தொகைக்குள் வந்துவிடுகிறார். மற்றக் கண்ணும் மங்கி இரண்டும் சேர்ந்து பார்வைக் குறைபாடு 50 என்று வந்தால், காலுக்கு 60 இருந்தாலே 76.7 வரும். சர்க்கரையால் ஒரு கண் போனவருக்கு மற்றக் கண்ணின் விழித்திரையையும் பார்த்தே ஆக வேண்டும். பென்ஷனுக்காக இல்லாவிட்டாலும் பார்வையைக் காப்பாற்றவாவது பாருங்கள்.

அட்டையில் குறைபாட்டின் வகை என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். "இயக்கக் குறைபாடு" மட்டும் இருந்தால் கண்ணை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் மேல்முறையீட்டை விட எளிய வழி, யுடிஐடி தளத்தில் மறுமதிப்பீடு கேட்டு விண்ணப்பித்து, பல்வகைக் குறைபாடு என்று கண் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வைப்பது. சான்று கொடுக்கும் அதிகாரம் அரசால் அறிவிக்கப்பட்ட மருத்துவ அதிகாரிக்குத்தான். சி.எம்.சி. தாள்கள் ஆதாரமாக நிற்கும், சான்றாக நிற்காது. இருப்பிட மாவட்டத்திலும் விண்ணப்பிக்கலாம், சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபரில் திருத்திய விதிப்படி மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அட்டையின் நிறத்தை வைத்து யாராவது பேசினால் ஏற்காதீர்கள். 40-லிருந்து 80-க்குக் கீழ் வரை எல்லாமே மஞ்சள்தான், 80-லிருந்து நீலம். 76 வந்தாலும் அட்டை மஞ்சளாகவே இருக்கும்.

அளவீடே தவறு என்றால்தான் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. சான்று தந்த முடிவால் பாதிக்கப்பட்ட யாரும் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். சான்று கிடைத்த 30 நாளுக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு. மனுவை வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்து, மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பிய கடிதத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "சதவீதம் போதாது" என்று எழுதினால் செத்த மனு. "முழங்கால் மூட்டுக்குக் கீழே மிச்சமுள்ள நீளம் இவ்வளவு சென்டிமீட்டர், அட்டவணைப்படி 70, சான்றில் 60, ஸ்டம்பில் ஆறாத புண், செயற்கைக்கால் பொருத்த இயலாதென அளவெடுத்த இடத்தின் குறிப்பு இணைப்பு, வலது கண் மதிப்பிடப்படவில்லை, மறு மருத்துவக் குழு முன் நேரில் ஆஜராகத் தயார்" என்று எழுதுங்கள். சான்றே மறுக்கப்பட்டவர்களுக்கும் இதே வழிதான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி, வாய்வழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். பக்கவாதம் வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு முன் போனால் திருப்பி அனுப்புவார்கள். அது நிராகரிப்பு இல்லை.

ஒரு எச்சரிக்கை. "75 போட்டுத் தருகிறேன்" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தகுதியில்லாமல் மோசடியாகச் சலுகை பெற்றால் 91-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது அட்டையில் பெயர் உள்ளவர்தான். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் கை விரல் போனவர்கள் இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு தந்த சதவீதத்தைக் கொண்டு வருகிறார்கள். அது சம்பாதிக்கும் திறன் இழப்பின் கணக்கு, இங்கே செல்லாது. இங்கத்திய சதவீதம் அங்கேயும் செல்லாது.

எங்கும் அசையவில்லை என்றால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. வக்கீல் வேண்டுமென்றால் காசு வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மேல்முறையீட்டைக் கிடப்பில் போட்டுவிட்டால், குறிப்பிட்ட நாளுக்குள் முடிவெடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடவும் அங்கே உதவி கேட்கலாம்.

அப்பா விஷயத்தில் ஆர்.டி.ஐ. மனுவும் மறுமதிப்பீட்டு விண்ணப்பமும் இந்த வாரமே ஒன்றாகப் போகட்டும், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டாம். 1,500 முதலில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ பணம் அங்கேதான் போகும், அதை வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள். பின்னால் 75 தாண்டிப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஏற்கனவே 1,500 வாங்குவதை மறைக்காமல் எழுதுங்கள். அங்கே காத்திருப்போர் பட்டியல் இருக்கும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2,000-க்கான உத்தரவு கைக்கு வரும்வரை 1,500-ஐ விட்டுவிடாதீர்கள். வந்த அன்றே தனித்தாசில்தாரிடம் "இந்த மாதத்திலிருந்து நிறுத்திக்கொள்ளவும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.